முக்கோணத்துக்கு வைத்த சீல்

கொடைக்கானலில் ஒரு வீட்டுக்கு எத்தனை மாடி என்று யாராவது கேட்டால், எங்கே நின்றுகொண்டு கேட்கிறீர்கள் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். ஜஹனாரா வீட்டைக் கீழ்ப் பஜாரிலிருந்து பார்த்தால் மூன்று மாடி. மேல்ரோட்டிலிருந்து பார்த்தால் ஓர் ஓட்டு வீடு, அவ்வளவுதான். சரிவில் கட்டினால் அப்படித்தான் அமையும். மலைச்சரிவு ஒழுங்கு அலுவலகத்துக்கு மட்டும் இது இன்னும் பிடிபடவில்லை. ஊரில் சமதளம் என்று இருந்த ஒரே இடத்தில் அவர்கள் அலுவலகத்தைக் கட்டிக்கொண்டதால் இருக்கலாம்.

என் பழக்கடை மேல்ரோட்டில், ஜஹனாரா வீட்டை ஒட்டி இறங்கும் படிச்சந்தின் வாயில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் அந்த வீட்டின் பின்சன்னலும் தெரியும், பக்கவாட்டுக் கதவும் தெரியும், கொஞ்சம் எட்டிப் பார்த்தால் கீழே தைலக்கடையில் யார் வந்து எதைப் பேரம் பேசுகிறார்கள் என்பதும் தெரியும். நான் பார்க்கவேண்டும் என்று பார்ப்பதில்லை. பேரிக்காய் விற்கிற நேரம் போக மீதி நேரத்தில் கண்ணை எங்காவது வைத்துத்தானே ஆகவேண்டும்?

ஜஹனாராவின் வீட்டுக்காரர் முகைதீன் பாய் பழனி அடிவாரத்தில் இன்னொரு கடை போட்டிருக்கிறார். ஞாயிறுதோறும் மலையேறி வருவார். இங்கே தைலக்கடையும் குடும்பமும் ஜஹனாரா பொறுப்பு. மேலே, முன்பு டூரிஸ்டுக்கு வாடகைக்கு விட்ட பாத்ரூம் வைத்த அறையில், மகள் ஷைமா இருக்கிறாள். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. வேலைக்குப் போகவில்லை. மூன்று வருடமாக அறைக்குள் உட்கார்ந்து ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். விளையாடிக்கொண்டிருந்தாள் என்றுதான் தெருவில் சொன்னார்கள். நான்தான் திருத்தினேன்.

விளையாட்டு இதுதான். எங்கும் மூடுபனி. பனிக்குள் பலகைக்கல் மேடைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அந்தரத்தில் மிதக்கும். ஒரு வெள்ளை முக்கோணம் அவற்றில் தாவித் தாவி மேலே போகவேண்டும். அதுதான் கதாநாயகன். மூக்கு கிடையாது, முகம் கிடையாது, ஏன் மேலே போகிறது என்ற விவரமும் கிடையாது. வழியில் ஒரு கறுப்புச் சதுரம் எதிர்ப்படும். உடனே எல்லாம் நின்றுவிடும். இனிமேல் முறை வைத்துத்தான் சண்டை. சதுரத்தின் முறை வந்தால் அது அடிக்கும். அடி விழுகிற அந்த நொடியில் பொத்தானை அமுக்கினால் தடுத்துவிடலாம். நம் முறை வந்தால் அந்த நொடியிலேயே நாம் அடிக்கவேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் முறை போய்விடும்.

நானும் விளையாடிப் பார்த்தேன். முதல் சதுரத்திடமே அடி வாங்கிக்கொண்டு கிடந்தேன்.

"அத்தே, நீங்க பேசிக்கிட்டே விளையாடுறீங்க" என்றாள் ஷைமா. "உங்க முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். வந்ததும் டக்குனு அமுக்கணும். அவ்வளவுதான் சூட்சுமம்."

பேசக்கூடாது என்று ஒரு விளையாட்டா! ஆனாலும் மறுநாளும் போனேன்.

பெங்களூரில் இப்படித் தனியாள்கள் செய்யும் விளையாட்டுகளுக்கு ஒரு கண்காட்சி. அதில் ஷைமாவுடையதற்கு ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள். ஞாயிறு காலை அவள் நேரில் போய் நிற்கவேண்டும்; இல்லாவிட்டால் அந்த மேசை வேறு ஆளுக்கு. சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் இடம் போட்டாகிவிட்டது. ஜஹனாரா தன் பங்குக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"இந்த ஒரு தடவதான் புள்ள. இதுலயும் ஒண்ணும் ஆகலன்னா அத்தாவோட பழனிக் கடையில போய் பில்லு போடு. அங்கயும் கம்ப்யூட்டர்தான்."

ஷைமா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும், பில் போடப் போவதற்குப் பதிலாக அந்தப் பிள்ளை அந்த மூடுபனிக்குள்ளேயே குதித்துவிடும் என்று.

ஊருக்குப் போகும் ஆர்வத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். விளையாட்டிலிருந்து ஒரு படத்தை எடுத்து இணையத்தில் போட்டாள். பனி, சரிவு, வரிசையாய்க் கல் மேடைகள். கீழே ஊர்ப்பெயர் கொடைக்கானல்.

மலைச்சரிவு ஒழுங்கு அலுவலகத்தில் இணையக் கண் பிரிவு என்று ஒன்று புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். அனுமதியில்லாத கட்டடங்களைக் கண்டுபிடிக்க முன்பெல்லாம் மலையில் நடக்கவேண்டியிருந்தது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தால் போதும். அந்தக் கண்ணில் இந்தப் படம் பட்டது.

செவ்வாய்க்கிழமை வெள்ளனே ஜீப் வந்து நின்றது. கள ஆய்வாளர் வேல்ராஜ் இறங்கினார். பின்னாலேயே அளவு டேப்போடு மலைச்சாமி. இவர் அய்யம்பாளையத்துக்காரர், மலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து காதுமூடிக் குல்லாயைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"ஏம்மா, சரிவுல மேடை மேடையாக் கட்டியிருக்கீங்களே, எங்க கெடக்கு அது?" என்று வேல்ராஜ் போனில் படத்தைக் காட்டினார்.

"சார், அது கட்டடம் இல்ல. நான் செஞ்ச கேம்."

"யாரு செஞ்சதுன்னு கேக்கல. எங்கன்னு கேக்கிறேன்."

ஷைமா லேப்டாப்பைத் திறந்தாள். "இதுக்குள்ள சார்."

வேல்ராஜ் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "அஸ்திவாரம் தெரியலையே?"

"அஸ்திவாரம் கெடையாது சார். அந்தரத்துல நிக்கும்."

"மலைச்சாமி, எழுதிக்கங்க. அஸ்திவாரமே இல்லாம கட்டினதா உரிமையாளரே ஒத்துக்கிட்டாங்க."

"ஐயோ, இது நெசமே இல்ல சார்!"

வேல்ராஜ் கெட்டவர் அல்ல. குரலைத் தணித்துத்தான் சொன்னார்: "நெசம் இல்லன்னு போடுறதுக்கு எங்ககிட்ட எடமில்லம்மா. கல், மரம், தகரம், மத்தவை. இவ்வளவுதான் இருக்கு. மத்தவைன்னு போட்டுக்கிறேன். அப்புறம், இந்த முக்கோணம் யாரு? உள்ளூர்வாசியா, டூரிஸ்டா?"

"அது... முக்கோணம் சார்."

"டூரிஸ்டுன்னா இ-பாஸ் எடுத்துட்டு வந்திருக்கணும்."

மலைச்சாமி டேப்பை நீட்டித் திரையின்மேல் வைத்தார். "சார், மொத்தமே ஒரு சாண் உசரம்தான் வருது."

"தூரத்துலருந்து பார்த்தா அப்படித்தான்யா தெரியும். மேல போய்ப் பார்த்தாத்தான் கணக்கு. எப்படிம்மா போறது?"

ஷைமா ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தாள். வேல்ராஜ் பிடித்தார், அமுக்கினார். முக்கோணம் ஒரு துள்ளுத் துள்ளிப் பனிக்குள் விழுந்து காணாமல் போனது. இன்னொரு தடவை. மறுபடியும் விழுந்தது. வேல்ராஜின் முகம் சிவந்தது.

"மலைச்சாமி, எழுதுங்க. ஆய்வுக்குப் போன அலுவலருக்கு ஒத்துழைப்புத் தராம, பல தடவ பள்ளத்துல தள்ளிவிட்டாங்க."

மறுநாள், கட்டடம் இருக்கும் இடம் என்று அந்த அறைக்கே சீல் வைக்க வந்துவிட்டார்கள்.

அந்த அலுவலகத்தில் சீல் வைப்பதற்கு ஒரு முறை உண்டு. மூடும் கதவுக்கு முன்னால் நின்று உத்தரவை உரக்க வாசிக்கவேண்டும். பிறகு "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று மூன்று தடவை கேட்கவேண்டும். பதில் வராவிட்டால் ஆளில்லை என்று எழுதிவிட்டு அரக்கை ஊற்றலாம். வேல்ராஜ் அந்த அறைக்கு இருந்த ஒரே வழியான சந்துக் கதவுக்கு முன் நின்று அட்சரம் பிசகாமல் அதைச் செய்தார். நல்ல குரல். கீழ்ப் பஜார் வரைக்கும் கேட்டது. ஷைமாவுக்கு மட்டும் கேட்கவில்லை. உள்ளே அவள் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முக்கோணம் கல்லில் இறங்கும்போது எழும் சத்தத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"யோவ், உள்ள புள்ள இருக்குய்யா!" என்று கடையிலிருந்து கத்தினேன்.

"நீங்க உள்ள இல்லையேக்கா. உள்ள இருக்கிறவங்கதான் சொல்லணும்" என்றார் வேல்ராஜ்.

அரக்கு இறுகி, முத்திரை பதிந்து, ஜீப் கிளம்பப் போகிற நேரத்தில் உள்ளே கதவு தடதடத்தது. "அம்மா! கதவு திறக்க மாட்டேங்குது!"

ஜஹனாரா தைல பாட்டிலும் கையுமாகப் படியேறி ஓடி வந்தாள். வேல்ராஜ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருக்கும் சங்கடம்தான். கதவுக்கு வாயை வைத்துச் சொன்னார்: "ஏம்மா, மூணு தடவ கேட்டேன்ல? ஆளில்லன்னு எழுதியாச்சு. எழுதினதுக்கப்புறம் நீ உள்ள இருக்கக் கூடாதும்மா."

"அப்ப வெளிய விடுங்க சார்!"

"இல்லாத ஆளை வெளிய விட எனக்கு அதிகாரமில்லையேம்மா."

ஜீப் போய்விட்டது.

மேல்ரோட்டுப் பக்கம் அந்த அறைக்கு ஒரு சன்னல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. குரங்குத் தொல்லைக்காக நெருக்கமாகக் கம்பி வைத்த சன்னல். தட்டு நுழையாது, தோசையைச் சுருட்டினால் நுழையும். அன்று முழுக்க ஜஹனாரா தோசை சுருட்டினாள். வழக்கமாக என் பழங்களுக்குக் காத்திருக்கும் குரங்குகள் அன்று எதிர்ச்சுவரில் வரிசையாக உட்கார்ந்து, கம்பிக்கு உள்ளே இருப்பதை ஆர்வமாகப் பார்த்தன.

ஜஹனாரா அலுவலகத்துக்கு நடந்தாள். ஆய்வு முடிந்தால்தான் சீலை எடுப்போம், சீலை எடுத்தால்தான் ஆய்வுக்கு உள்ளே போவோம் என்றார்கள். வக்கீலைப் பார்த்தாள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். கம்பியை அறுத்துவிடுகிறேன் என்று ஒரு வெல்டிங்காரர் முன்வந்தார். சீல் வைத்த கட்டடத்தில் கை வைத்தால் மொத்த வீட்டையும் மூடுவோம் என்று அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். வெல்டிங்காரருக்குத் திடீரென்று தாண்டிக்குடியில் சோலி வந்துவிட்டது.

"அத்தே" என்று கம்பி வழியே கூப்பிட்டாள் ஷைமா. கண் வீங்கியிருந்தது. "இந்த ரூமுல நான் மூணு வருஷமா இருக்கேன். ஒருநாள்கூட அடைஞ்சு கெடக்கிற மாதிரி இருந்ததில்ல. இன்னைக்கு மூச்சு முட்டுது."

வியாழக்கிழமை பெரிய அதிகாரி செந்தில்வேல் வந்தார். தீர்வோடு வந்திருந்தார். உள்ளே போகமுடியாது, ஆனால் ஆய்வை வெளியிலிருந்து செய்யக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. லேப்டாப்பைச் சன்னல் விளிம்பில் திரை வெளியே தெரியும்படி வைக்கச் சொன்னார். ஜாய்ஸ்டிக்கைக் கம்பி வழியே வாங்கிக்கொண்டார். மேல்ரோட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் வேல்ராஜ் குடை பிடித்தார், அந்தப் பக்கம் மலைச்சாமி டேப்பைப் பிடித்தார். மேடைகளின் உச்சி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டால் ஆய்வு முடிந்தது, சீலை எடுத்துவிடலாம்.

கூட்டம் கூடிவிட்டது. டூரிஸ்டு வேன்கள், இங்கே என்னவோ வியூ பாயின்ட் போலிருக்கிறது என்று நின்றன. வேகவைத்த சோளம் விற்பவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கும் வியாபாரம் மோசமில்லை, பொய் சொல்வானேன். கூட்டத்தைக் கண்டதும் செந்தில்வேல் சாருக்கு நாலு வார்த்தை பேசவேண்டும் போலிருந்தது. எழுந்து நின்றார்.

"இந்த மலையை நாங்க காப்பாத்திக்கிட்டிருக்கோம். எப்படின்னு கேப்பீங்க. பெரிய பெரிய ஓட்டலெல்லாம் கட்டுறாங்க, நடவடிக்கை இல்லன்னு சில பேரு பேசுறாங்க. அதெல்லாம் கிட்ட நின்னு பார்த்தா முழுசாத் தெரியாத அளவுக்குப் பெருசுங்க. தள்ளி நின்னு பார்ப்போம்னா மூடுபனி மறைச்சிருது. அதனால நம்ம கண்ணுக்கு அடங்குற மாதிரி சின்னதாப் பார்த்து நடவடிக்கை எடுக்கிறோம். இந்த மேடைகளை எடுத்துக்கங்க. ஒரே பார்வையில முழுசாத் தெரியுது. இந்த மாதிரி கட்டினவங்களை நாங்க எப்பவும் மனசாரப் பாராட்டுறோம்."

சோளக்காரர் கைதட்டினார். சார் உட்கார்ந்து விளையாடத் தொடங்கினார்.

முதல் நாள் முழுவதும் முக்கோணம் விழுந்தபடியே இருந்தது. சாயங்காலம் எப்படியோ முதல் சதுரம் வரை வந்துவிட்டார். சண்டை தொடங்கியது. சாருக்குக் காத்திருப்பதில் ஒரு குறையும் இல்லை. பார்க்கவே கம்பீரமாக இருந்தது. ஆனால் தன் முறை வந்ததும் வேல்ராஜ் பக்கம் திரும்பினார். "என்ன வேல்ராஜ், அடிக்கலாம்னு நினைக்கிறீங்களா?"

"சார் எப்படிச் சொல்றீங்களோ அப்படி சார்."

"இல்ல, உங்க கருத்தைச் சொல்லுங்க."

அதற்குள் முறை போய்விட்டது. சதுரம் அடித்தது. முக்கோணம் பள்ளத்தில்.

"சார், முறை வந்ததும் உடனே அமுக்கணும் சார்" என்றாள் ஷைமா, கம்பியைப் பிடித்துக்கொண்டு.

செந்தில்வேல் அவளைப் பரிவோடு பார்த்தார். "ஏம்மா, முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு. எங்கிட்ட வந்த எந்தக் கேள்விக்கும் அன்னைக்கே நான் பதில் சொன்னதில்ல. அதனாலதான் எம்மேல ஒரு புகார் கெடையாது. பதில் சொல்றவன் மேலதான்மா புகார் வரும். இந்தச் சதுரத்தைப் பாரு, எவ்வளவு அவசரம்! இதெல்லாம் சர்வீஸ்ல நிலைக்காது."

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அவருக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. தப்பு அவர் பக்கம் இல்லை, கட்டடத்தின் பக்கம். நிபந்தனைகள் சொன்னார். மேடை தோறும் இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் வேண்டும், யாரும் விழக்கூடாது. மழைநீர் சேகரிப்பு வேண்டும். முக்கியமாக, முக்கோணம் பதில் சொல்கிறவரைக்கும் சதுரம் கை ஓங்கக்கூடாது. அதேபோல் சதுரம் நடவடிக்கை எடுக்கிறவரைக்கும் முக்கோணம் பதில் சொல்லவேண்டிய கட்டாயமும் இருக்கக்கூடாது. "ரெண்டு தரப்புக்கும் நியாயமா இருக்கணும்ல?"

அவர்கள் போனபிறகு ஷைமா சன்னலை விட்டு நகரவே இல்லை. "மூணு வருஷம் அத்தே. அந்த முக்கோணம் கீழ விழுற விதத்துக்காகவே ஒரு வருஷம் போச்சு. விழுந்து எந்திரிக்கிறதுதான் விளையாட்டே. கைப்பிடிச் சுவர் கட்டச் சொல்றாரு."

"கட்டித் தொலையேன்டி. நாளைக்குச் சாயங்காலம் பஸ்ஸு" என்றாள் பக்கத்தில் நின்ற ஜஹனாரா. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பனி என்றாள்.

ஷைமா மேசைப்பக்கம் போனாள். தன் விளையாட்டை ஒரு கையகல டிஸ்க்கில் பத்திரமாக ஏற்றித் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள். லேப்டாப்பில் அலுவலகத்துக்கென்று தனியாக ஒன்று செய்யத் தொடங்கினாள்.

சனிக்கிழமை காலையில் சார் வந்து உட்கார்ந்தார். சுவர்கள் இருந்தன. ஒவ்வொரு மேடையிலும் ஒரு தொட்டிகூட இருந்தது. முக்கோணம் சுவரில் இடித்து இடித்து, விழாமல், முதல் சதுரம் வரைக்கும் சுகமாகப் போய்ச் சேர்ந்தது. சண்டை தொடங்கியது.

சதுரம் முக்கோணத்தின் பதிலுக்குக் காத்திருந்தது. முக்கோணம் சதுரத்தின் நடவடிக்கைக்குக் காத்திருந்தது. மூடுபனி மட்டும் நகர்ந்தது.

"ஆகா" என்றார் செந்தில்வேல். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முப்பது வருடத்தில் தன்னை முதன்முதலாக யாரோ புரிந்துகொண்டது போல இருந்தது அவர் முகம்.

மத்தியானமும் ஆகிவிட்டது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேல்ராஜும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி இது? இப்படியே நின்னா எப்பத்தான் மேல போறது, எப்ப சீலை எடுக்கிறது?" என்று நான் சன்னல் ஓரத்தில் கிசுகிசுத்தேன்.

"அவர் கேட்டதைத்தான் செஞ்சேன் அத்தே. ஒரு எழுத்துகூட நானாச் சேர்க்கல." துப்பட்டா முடிச்சை இறுக்கிக்கொண்டாள்; முகத்தில் இருந்தது சிரிப்பா அழுகையா என்று சொல்லமுடியவில்லை. "இது முடியவே முடியாது. நான் வேணும்னு செய்யல. அவர் கேட்டதைச் செஞ்சா இப்படித்தான் ஆகும்."

அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அந்த அலுவலகத்தில் எத்தனை கண் உண்டோ அத்தனையும் மேல்ரோட்டில், ஒரு திரையின்மேல் இருந்தது. சந்துக் கதவின் பக்கம் ஒருவரும் இல்லை. நான் ஜஹனாராவைப் பார்த்தேன். ஜஹனாரா கதவைப் பார்த்தாள். சீல் பூட்டுப் பக்கத்தில் இருந்தது. கீல்கள் மறுபக்கத்தில், சந்தின் பக்கம் பார்த்து, திருகாணியெல்லாம் துருப்பிடித்து இருந்தன.

கதவுக்குச் சீல் வைக்கும்போது பூட்டை மட்டுமே பார்ப்பவர்கள் அவர்கள். நாலு நாளாக நாங்களும் அப்படித்தான் பூட்டையே பார்த்துக்கொண்டு அழுதிருக்கிறோம்.

ஜஹனாரா கடையிலிருந்து திருப்புளியும் ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலமும் எடுத்து வந்தாள். துருவில் தைலத்தை ஊற்றினாள். சந்து முழுக்க ஜலதோஷம் விட்டுப்போகிற வாசனை. நான் சந்து வாயில் பழக்கூடைகளை அடுக்கி, பெரிய குடையை விரித்து மறைத்து, குடைக்கு முன்னால் உட்கார்ந்து பிளம்ஸைக் கூவிக் கூவி விற்றேன். பின்னால் திருகாணி கிரீச்சிடும்போதெல்லாம் இன்னும் சத்தமாகக் கூவினேன்.

திடீரென்று மலைச்சாமி எழுந்து சந்துப்பக்கம் வந்தார். பீடி குடிக்க வந்திருப்பார். குடையைத் தாண்டி எட்டிப் பார்த்தார். ஜஹனாரா கையில் கடைசித் திருகாணி. கதவு கீல் பக்கம் ஒரு முழம் விலகியிருந்தது. அந்த இடுக்கில் பையும் தோளுமாக ஷைமா பாதி வெளியே, பாதி உள்ளே. மூன்று பேரும் அப்படியே நின்றோம். அந்தப் பிள்ளையின் விளையாட்டுப் போலவே இருந்தது; அடுத்த முறை அவருடையது.

மலைச்சாமி குல்லாயைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்னா பனிக்கா இந்த ஊர்ல! பக்கத்துல இருக்கிற ஆள்கூடத் தெரிய மாட்டேங்குது" என்றார். சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "யாரா இருந்தாலும் வெரசாப் போங்க. மழை வர்ற மாதிரி இருக்கு."

ஷைமா பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். சீல் அப்படியே இருந்தது, அரக்கில் ஒரு கீறல்கூட இல்லை. ஆளில்லை என்று எழுதியிருந்த அறையில் இப்போது ஆள் இல்லை. அலுவலகம் சொன்னது முதன்முதலாக உண்மையாயிற்று. அதற்காவது அவர்கள் எங்களுக்கு நன்றி சொல்லியிருக்கவேண்டும்.

திங்கட்கிழமை ஜஹனாராவுக்கு ஷைமாவிடமிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு கம்பெனிக்காரர்கள் விளையாட்டை எடுத்து வெளியிடுகிறார்களாம். "பழனியில பில்லு போட வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்கம்மா அத்தாவை" என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது. நான் போனுக்குக் கொஞ்சம் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இங்கே மலைச்சாமி சொன்ன மழை நிஜமாகவே வந்துவிட்டது. ஆய்வை நடுவில் விடமுடியாது. சாருக்கு விடவும் மனமில்லை. குடை போதாமல் தார்ப்பாய் கட்டினார்கள். தார்ப்பாயைக் காற்று தூக்கியதால் நாலு கம்பு நட்டார்கள். கம்புக்கு மேல் தகரம். சாரல் அடித்ததால் சுற்றிலும் தகரம். சன்னலோடு ஒட்டி, ஒரு கதவும் வைத்து, மேல்ரோட்டுச் சரிவில் நல்லதொரு கொட்டகை எழுந்தது. உள்ளே செந்தில்வேல் சார், நாற்காலி, சன்னல், சதுரம், முக்கோணம்.

யாரோ ஒரு டூரிஸ்டு அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். பனி, சரிவு, தகரக் கொட்டகை. கீழே கொடைக்கானல். இணையக் கண் பிரிவு தூங்குவதில்லை.

செவ்வாய்க்கிழமை வேல்ராஜ் உத்தரவோடு வந்தார். கொட்டகைக் கதவுக்கு முன் விறைப்பாக நின்று வாசித்தார்.

"உள்ளே யாராவது இருக்கிறீர்களா?"

உள்ளே தொண்டையைச் செருமும் சத்தம்.

"உள்ளே யாராவது இருக்கிறீர்களா?"

நாற்காலி கிறீச்சிட்டது. சார் யோசிக்கிறார் என்பது தெருவுக்கே தெரிந்தது.

"உள்ளே யாராவது இருக்கிறீர்களா?"

வேல்ராஜ் காத்திருந்தார். விதி சொல்கிற நேரத்தைவிடக் கூடுதலாகவே காத்திருந்தார் என்பதற்கு நான் சாட்சி. பிறகு எழுதினார், அரக்கை ஊற்றினார். முத்திரை பதிந்தபிறகு உள்ளிருந்து குரல் வந்தது: "பார்த்துட்டுச் சொல்றேனே."

"சார் பதில் சொல்லிட்டாருய்யா!" என்றேன்.

வேல்ராஜ் என்னைப் பார்க்காமல் முத்திரையைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "அது பதில்ல சேராதுக்கா. இடைக்காலப் பதில்."

அன்று மத்தியானம் ஷைமா பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். கீல் பக்கமாகக் கதவை விலக்கிக்கொண்டு தன் அறைக்குள் போனாள். சன்னலைப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அரையிருட்டில் அவர், இந்தப் பக்கம் அவள். நடுவில் லேப்டாப்பில் முக்கோணமும் சதுரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நான் அவள் பின்னாலேயே போயிருந்தேன், தோசை கொடுக்கத்தான்.

"சார், இதுல எங்கயும் ஆணி அடிக்கல. தகரத்தைக் கயித்துலதான் கட்டியிருக்காங்க" என்றாள் ஷைமா மெதுவாக. "உங்க முதுகுக்குப் பின்னால இருக்கிறதை ஒரு தள்ளு தள்ளினாப் போதும். வெளிய வந்துரலாம். இப்பவே."

செந்தில்வேல் திரும்பித் தகரத்தைப் பார்த்தார். கையைக்கூடத் தூக்கினார்.

கை மடிக்கே திரும்பி வந்தது. "நல்ல யோசனைதாம்மா. பரிசீலிக்கிறேன்" என்றார்.

ஷைமா தோசையைச் சுருட்டிக் கம்பி வழியே நீட்டினாள். நான் கடைக்குத் திரும்பினேன். குரங்குகள் சுவரிலிருந்து இறங்கி, கொட்டகையின் தகர இடுக்குகளில் ஆளுக்கொன்றாகக் கண்ணை வைத்துக்கொண்டிருந்தன. ஒரு குட்டி மட்டும் கயிற்றின் முடிச்சைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. தகரம் ஒரு பக்கம் சாய்ந்து வழிவிட்டது. உள்ளே இருந்து ஒரு கை நீண்டு, அதை இழுத்து மறுபடியும் மூடிக்கொண்டது.